அமெரிக்கத் துணை அதிபர் பதவி காலியானால் யார் வருவார், எப்படி வருவார்?

நண்பர் கேட்டது இது: "இங்கே 2025 ஜூலையில் ஜகதீப் தன்கர் ராஜினாமா செய்தார். ஐம்பது நாளில் தேர்தல் நடத்தி சி.பி. ராதாகிருஷ்ணனைக் குடியரசுத் துணைத் தலைவராகத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள். அமெரிக்காவில் துணை அதிபர் விலகினாலோ இறந்தாலோ சபாநாயகர் அந்த இடத்துக்கு வந்துவிடுவார் என்று படித்தேன். அது சரியா? அங்கே ஏன் தேர்தல் கிடையாது?" இதில் இரண்டு கேள்விகள் பின்னிக் கிடக்கின்றன. அதிபர் பதவி காலியானால் அடுத்து யார் என்பது ஒன்று. துணை அதிபர் பதவி காலியானால் அதை நிரப்புவது எப்படி என்பது இன்னொன்று. இரண்டுக்கும் வேறு வேறு சட்டங்கள், வேறு வேறு வரலாறு. கல்லூரியில் பல ஆண்டுகள் ஒப்பீட்டு அரசியலமைப்பு நடத்தியவன் என்ற முறையில் சொல்கிறேன், தேர்வுத்தாளில் மாணவர்கள் அதிகம் குழப்பிக்கொண்ட இடமும் இதுதான். நான் வழக்கறிஞன் அல்ல. அமெரிக்க நீதிமன்றங்கள் இன்னும் தொடாத விஷயங்களில் அறிஞர்கள் எப்படிப் பிரிந்து நிற்கிறார்கள் என்பதை மட்டுமே சொல்ல முடியும்.

உறுதியாகச் சொல்லக்கூடியதை முதலில் சொல்லிவிடுகிறேன். சபாநாயகர் துணை அதிபர் ஆவதில்லை. யாருமே தானாகத் துணை அதிபர் ஆவதில்லை. 1967 பிப்ரவரி 10-ஆம் தேதி நடைமுறைக்கு வந்த 25-ஆவது அரசியலமைப்புத் திருத்தத்தின் இரண்டாம் பிரிவு, ஒரே வாக்கியத்தில் விஷயத்தை முடிக்கிறது: துணை அதிபர் பதவி காலியாகும்போதெல்லாம் அதிபர் ஒருவரை முன்மொழிய வேண்டும், காங்கிரஸின் இரு அவைகளும் பெரும்பான்மை வாக்கால் ஒப்புதல் அளித்ததும் அவர் பதவியேற்பார். (காங்கிரஸ் என்றால் அங்கே நாடாளுமன்றம், செனட், பிரதிநிதிகள் சபை இரண்டும் சேர்ந்தது.) மற்ற எல்லா உயர் நியமனங்களுக்கும், அமைச்சர்களானாலும் உச்ச நீதிமன்ற நீதிபதிகளானாலும், செனட் ஒப்புக்கொண்டால் போதும். துணை அதிபருக்கு மட்டும் இரண்டு அவைகளும் ஒப்புக்கொள்ள வேண்டும். அப்படி வருபவருக்கு முன்னவர் விட்டுச்சென்ற மிச்ச காலம் மட்டுமே உரியது.

சபாநாயகர் பெயர் எங்கிருந்து வருகிறது என்றால், 1947-ஆம் ஆண்டின் அதிபர் வாரிசுரிமைச் சட்டத்திலிருந்து. அதிபர், துணை அதிபர் இருவருமே இல்லாமல் போனால் சபாநாயகர், அவருக்குப் பின் செனட்டின் தற்காலிகத் தலைவர், அதன்பின் வெளியுறவு அமைச்சரில் தொடங்கி மற்ற அமைச்சர்கள் என்று அது வரிசை போடுகிறது. அந்த வரிசை அதிபரின் அதிகாரத்தைக் கையில் எடுப்பதற்கானது. துணை அதிபர் மட்டும் விலகினால் சபாநாயகர் அந்த வரிசையில் முதலாவதாக வந்து நிற்பார், அவ்வளவுதான். துணை அதிபருக்கு அரசியலமைப்பு கொடுத்திருக்கும் வேலை செனட்டுக்குத் தலைமை தாங்குவது. அதைக்கூட சபாநாயகர் செய்ய மாட்டார், செனட்டின் தற்காலிகத் தலைவர் பார்த்துக்கொள்வார். அவருக்கும் உறுப்பினர் என்ற முறையில் ஒரு ஓட்டுதான். சமநிலையை உடைக்கும் தனி ஓட்டு துணை அதிபருக்கு மட்டுமே உண்டு. அதனால் பதவி காலியாக இருக்கும் நாட்களில் செனட்டில் ஓட்டு சரிபாதியாகப் பிரிந்தால் அந்தத் தீர்மானம் தோற்றதாகிவிடும்.

1967-க்கு முன்னால் என்ன செய்தார்கள் என்று கேட்டால், ஒன்றும் செய்யவில்லை. பதவியை அப்படியே காலியாக விட்டார்கள். அரசியலமைப்பை எழுதியவர்கள் இதற்கு எந்த வழியும் வைக்கவில்லை. 1967-க்குள் பதினாறு முறை அந்தப் பதவி காலியானது. எட்டு முறை அதிபர் இறந்து துணை அதிபர் மேலே போனதால். ஏழு முறை துணை அதிபரே இறந்ததால். ஒருமுறை, 1832-இல், ஜான் கால்ஹூன் செனட்டராகப் போவதற்காக ராஜினாமா செய்ததால். ஜேம்ஸ் மேடிசனுக்கு இரண்டு பதவிக்காலத்திலும் இருந்த இரண்டு துணை அதிபர்களும் பதவியிலேயே இறந்தார்கள். 1841-இல் அதிபர் ஹாரிசன் பதவியேற்ற ஒரே மாதத்தில் இறக்க, ஜான் டைலர் அதிபரானார். கிட்டத்தட்ட நான்கு ஆண்டுகளும் அவர் துணை அதிபர் இல்லாமலேயே ஆண்டார். 1945 ஏப்ரலில் ரூஸ்வெல்ட் இறந்து ட்ரூமன் வந்தபோதும் அதே கதை; 1949 ஜனவரி வரை நாற்காலி காலி. எல்லாவற்றையும் கூட்டினால் முப்பத்தேழு ஆண்டுகளுக்கு மேல் வருகிறது.

யாருக்கும் பெரிதாக உறுத்தவில்லை, ஏனென்றால் காலியாக இருந்த அந்த நாட்களில் அதிபர் இறந்ததில்லை. ஆபத்து எவ்வளவு அருகில் வந்து போனது என்பதற்கு 1881-ஐப் பாருங்கள். ஜூலை 2-ஆம் தேதி அதிபர் கார்ஃபீல்டைச் சுட்டார்கள். செப்டம்பர் 19 வரை படுக்கையில் கிடந்து இறந்தார். துணை அதிபர் செஸ்டர் ஆர்தர் நியூயார்க்கில் தன் வீட்டிலேயே நள்ளிரவுக்குப் பின் பதவிப் பிரமாணம் எடுத்துக்கொண்டார். அப்போதிருந்த 1792-ஆம் ஆண்டுச் சட்டப்படி அவருக்கு அடுத்தவர் செனட்டின் தற்காலிகத் தலைவர், பிறகு சபாநாயகர். அன்றைக்கு இருவருமே இல்லை. செனட் தலைவரைத் தேர்ந்தெடுக்காமல் கலைந்திருந்தது. புதிய பிரதிநிதிகள் சபை இன்னும் கூடவே இல்லை. ஆர்தருக்கு ஏதாவது ஆகியிருந்தால் நாட்டுக்குத் தலைவர் என்று சொல்ல சட்டப்படி ஒரு ஆளும் கிடையாது. அவர் அன்றிரவே செனட்டைக் கூட்டும் ஆணையைக் கைப்பட எழுதி, உறையிலிட்டு, வாஷிங்டனில் அதிபரின் முகவரிக்குத் தபாலில் சேர்த்தார் என்று அவர் வாழ்க்கை வரலாற்றில் வருகிறது. வழியில் தான் இறந்தாலும் அந்தக் கடிதமாவது போய்ச் சேரட்டும் என்ற எண்ணம். இதே நிலை நான்கே ஆண்டில், 1885 நவம்பரில் துணை அதிபர் ஹெண்ட்ரிக்ஸ் இறந்தபோது மறுபடி வந்தது. அதன்பிறகுதான் 1886-இல் வாரிசு வரிசையை அமைச்சர்கள் பக்கம் திருப்பினார்கள். அப்போதும் துணை அதிபர் பதவியை நிரப்புவதைப் பற்றி எதுவும் செய்யவில்லை. அந்த வரிசையை 1947-இல் மாற்றி மறுபடி சபாநாயகரை முன்னால் கொண்டுவந்தவர் ட்ரூமன். மக்கள் ஓட்டால் வந்தவர்தான் அதிபராக வேண்டும், அதிபரே தன் வாரிசை நியமிக்கும்படி இருக்கக்கூடாது என்பது அவர் வாதம்.

நிலைமையை மாற்றியது கென்னடி கொலை. 1963 நவம்பர் 27 அன்று லிண்டன் ஜான்சன் அதிபராகக் காங்கிரஸ் கூட்டுக் கூட்டத்தில் முதல்முறையாகப் பேசினார். அந்தப் படத்தை ஒருமுறை பாருங்கள். மேடையில் ஜான்சனுக்குப் பின்னால் இரண்டு பேர் உட்கார்ந்திருப்பார்கள். ஒருவர் சபாநாயகர் ஜான் மெக்கார்மக், வயது 71. மற்றவர் செனட்டின் தற்காலிகத் தலைவர் கார்ல் ஹேடன், வயது 86. பேசிக்கொண்டிருக்கும் ஜான்சனுக்கோ 1955-இல் கடுமையான மாரடைப்பு வந்திருந்தது. ஐந்து நாள் முன்னால் ஒரு அதிபரைப் பறிகொடுத்த நாடு தொலைக்காட்சியில் இந்தக் காட்சியைப் பார்த்தது. அணு ஆயுதக் காலத்தில் இந்த வரிசையை நம்பி இருக்க முடியாது என்பது சட்டம் படிக்காதவர்களுக்கும் புரிந்தது.

இந்தியானா செனட்டர் பர்ச் பை வேலையைக் கையில் எடுத்தார். அரசியலமைப்புத் திருத்தங்களுக்கான செனட் துணைக்குழுவின் தலைவர் அவர். அப்போது அவருக்கு நாற்பது வயதுகூட ஆகவில்லை. பல யோசனைகள் வந்தன. காங்கிரஸே நேரடியாகத் தேர்ந்தெடுக்கட்டும் என்றார்கள் சிலர். ஆரம்பத்திலிருந்தே இரண்டு துணை அதிபர்கள் இருக்கட்டும் என்றார் நியூயார்க் செனட்டர் கீட்டிங். முன்னாள் துணை அதிபராக சாட்சி சொல்ல வந்த ரிச்சர்ட் நிக்சன், அதிபரைத் தேர்ந்தெடுத்த அதே வாக்காளர் குழுவை மறுபடி கூட்டலாம் என்றார். கடைசியில் நின்றது செனட்டர் பர்ச் பையின் வடிவம்: அதிபர் பெயர் சொல்வார், மக்கள் பிரதிநிதிகள் ஒப்புதல் தருவார்கள். இதன் தர்க்கம் எனக்குச் சரியாகவே படுகிறது. மக்கள் நான்காண்டுக்கு ஒரு கட்சியிடம் நிர்வாகத்தைக் கொடுத்திருக்கிறார்கள். அதிபருக்கு ஏதாவது ஆனால் அது எதிர்க்கட்சிச் சபாநாயகர் கைக்குப் போவது, நடுவில் ஓட்டே போடாமல் ஆட்சி மாறுவதற்குச் சமம். அதற்காக அதிபர் தன் இஷ்டப்படி ஒருவரை உட்கார வைத்துவிடவும் கூடாது. அந்த இரண்டுக்கும் நடுவே போட்ட வழி இது. 1965 ஜூலையில் காங்கிரஸ் நிறைவேற்றியது, மாநிலங்களில் நான்கில் மூன்று பங்கு ஒப்புக்கொள்ள 1967 பிப்ரவரி ஆகிவிட்டது.

முதன்முதலில் அதைப் பயன்படுத்த வேண்டி வந்தவர் அதே நிக்சன். 1973 அக்டோபர் 10 அன்று துணை அதிபர் ஸ்பைரோ ஆக்னியூ, வருமான வரி ஏய்ப்புக் குற்றச்சாட்டை எதிர்க்கவில்லை என்று நீதிமன்றத்தில் சொல்லிவிட்டுப் பதவி விலகினார். (ராஜினாமாக் கடிதம் போனது அதிபருக்கு அல்ல, சட்டப்படி வெளியுறவு அமைச்சர் கிஸிஞ்சருக்கு.) இரண்டே நாளில், அக்டோபர் 12 இரவு, மிச்சிகனைச் சேர்ந்த ஜெரால்ட் ஃபோர்டை நிக்சன் அறிவித்தார். அவர் மனதில் முதலில் இருந்தவர் டெக்சாஸ் முன்னாள் ஆளுநர் ஜான் கானலி. நிக்சன் குடியரசுக் கட்சிக்காரர், இரு அவைகளும் ஜனநாயகக் கட்சியின் கையில் இருந்தன; கானலி தேற மாட்டார், ஃபோர்டு என்றால் பிரச்சினை இருக்காது என்று காங்கிரஸ் தலைவர்களிடமிருந்து தகவல் வந்தது. ஒப்புதல் அதிகாரம் எப்படி வேலை செய்கிறது என்பதை இங்கே கவனிக்க வேண்டும். ஓட்டெடுப்பு வருவதற்கு முன்பே, யாரை முன்மொழியலாம் என்ற எல்லையை அது போட்டுவிடுகிறது.

ஆக்னியூ விலகியதிலிருந்து ஐம்பத்தேழு நாட்கள் அமெரிக்க வரலாற்றில் மிக நெருக்கடியானவை. ஃபோர்டின் பெயர் அறிவித்த எட்டாம் நாள், அக்டோபர் 20 சனிக்கிழமை இரவு, தன்னைச் சுற்றிய வாட்டர்கேட் ஊழலை விசாரித்துவந்த சிறப்பு வழக்கறிஞரை நிக்சன் வேலையை விட்டு நீக்க வைத்தார். அதைச் செய்ய மறுத்து அட்டர்னி ஜெனரலும் (நீதித்துறையின் தலைவர்) அவருக்கு அடுத்தவரும் விலகினார்கள். நிக்சனைப் பதவி நீக்கும் பேச்சு உரத்துக் கேட்டது. துணை அதிபர் இல்லை. அந்த நேரத்தில் நிக்சன் போயிருந்தால் வெள்ளை மாளிகைக்குப் போயிருப்பவர் ஜனநாயகக் கட்சிச் சபாநாயகர் கார்ல் ஆல்பர்ட். ஃபோர்டின் ஒப்புதலை இழுத்தடித்துவிட்டு நிக்சனை நீக்கினால் தேர்தலே இல்லாமல் ஆட்சி நம் கைக்கு வரும் என்று அவர் கட்சியிலேயே சிலர் கணக்குப் போட்டார்கள். ஆல்பர்ட் இடம் கொடுக்கவில்லை. செனட்டில் விதிகள் குழுவும் பிரதிநிதிகள் சபையில் நீதிக் குழுவும் ஃபோர்டை விசாரித்தன, எஃப்.பி.ஐ. அவருடைய வரிக் கணக்கு முதல் பழைய தேர்தல் செலவு வரை துருவியது. நவம்பர் 27 அன்று செனட் 92-க்கு 3 என்று ஒப்புக்கொண்டது. எதிர்த்த மூவரில் ஒருவர் தாமஸ் ஈகிள்டன். முந்தைய ஆண்டு ஜனநாயகக் கட்சியின் துணை அதிபர் வேட்பாளராக அறிவிக்கப்பட்டு இடையில் விலக நேர்ந்தவர். டிசம்பர் 6 அன்று பிரதிநிதிகள் சபை 387-க்கு 35 என்று ஒப்புக்கொள்ள, அன்றே ஃபோர்டு பதவியேற்றார்.

எட்டு மாதம் கழித்து, 1974 ஆகஸ்ட் 9 அன்று நிக்சன் விலகினார், ஃபோர்டு அதிபரானார், துணை அதிபர் நாற்காலி மறுபடி காலி. ஆகஸ்ட் 20 அன்று நியூயார்க் முன்னாள் ஆளுநர் நெல்சன் ராக்ஃபெல்லரை ஃபோர்டு முன்மொழிந்தார். இந்தமுறை வேகம் இல்லை. ராக்ஃபெல்லர் குடும்பச் சொத்து எவ்வளவு, அது எந்தெந்த நிறுவனங்களில் இருக்கிறது, பதவியில் இருந்தவர்களுக்கும் உதவியாளர்களுக்கும் அவர் கொடுத்த பரிசுப் பணமும் கடனும் எதற்காக என்று குழுக்கள் மாதக்கணக்கில் கேட்டன. கிஸிஞ்சருக்கு அவர் கொடுத்த 50,000 டாலரும் அதில் அடக்கம். டிசம்பர் 10 அன்று செனட்டில் 90-க்கு 7. டிசம்பர் 19 அன்று பிரதிநிதிகள் சபையில் 287-க்கு 128. ஃபோர்டு அதிபரான நாளிலிருந்து எண்ணினால் 132 நாட்கள் பதவி காலியாக இருந்தது. அதற்குப்பின் 1977 ஜனவரி வரை அமெரிக்காவை நாட்டு மக்கள் அந்தப் பதவிகளுக்கு ஓட்டுப் போடாத இரண்டு பேர் நடத்தினார்கள். இது தவறு, சிறப்புத் தேர்தல் வைக்க வேண்டும் என்று செனட்டில் யோசனைகள் வந்தன, எதுவும் நிறைவேறவில்லை. அதற்குப்பின் இன்றுவரை இரண்டாம் பிரிவைப் பயன்படுத்தும் தேவை வரவில்லை.

இப்போது நண்பரின் இரண்டாவது கேள்வி, தேர்தல் ஏன் இல்லை. நம் ஊரோடு ஒப்பிட்டால் வித்தியாசம் நினைப்பதைவிடக் குறைவு. இங்கும் குடியரசுத் துணைத் தலைவரை மக்கள் தேர்ந்தெடுப்பதில்லை. நம் அரசியலமைப்பின் 66-ஆவது பிரிவுப்படி இரு அவைகளின் எம்.பி.க்கள்தான் ஓட்டுப் போடுகிறார்கள். அங்கும் காலியிடம் வந்தால் ஓட்டுப் போடுவது இரு அவைகளின் உறுப்பினர்களே. இங்கே தகுதியுள்ள யாரும் போட்டியிடலாம், ரகசிய ஓட்டு, ஜெயித்தவருக்கு முழுதாக ஐந்து ஆண்டு. அங்கே அதிபர் சொன்ன ஒரு பெயர் மட்டும். ஆமாம், இல்லை என்று பெயரோடு பதிவாகும் ஓட்டு. மிச்ச காலம் மட்டும். அங்கே துணை அதிபரை அதிபரோடு ஜோடியாகவே மக்கள் தேர்ந்தெடுக்கிறார்கள். பாதியில் ஒருவருக்காக மட்டும் நாடு முழுக்க தேர்தல் வைத்தால் எதிர்க்கட்சிக்காரர் ஜெயித்து உள்ளே வர முடியும். முதல் சட்டமான 1792-ஆம் ஆண்டுச் சட்டத்தில், இரண்டு பதவியும் ஒன்றாகக் காலியானால் சிறப்புத் தேர்தல் என்று இருந்தது. ஒருமுறைகூட நடக்கவில்லை, 1947-ஆம் ஆண்டுச் சட்டத்தில் அது இல்லை.

உறுதியில்லாத பக்கத்துக்கு வருகிறேன். நம் 68-ஆவது பிரிவு, காலியிடத்துக்கான தேர்தலைக் கூடிய விரைவில் நடத்தச் சொல்கிறது. அமெரிக்கத் திருத்தத்தில் அந்த அளவுகூட இல்லை. அதிபர் எத்தனை நாளில் பெயர் சொல்ல வேண்டும், காங்கிரஸ் எத்தனை நாளில் ஓட்டெடுக்க வேண்டும் என்ற கெடு எதுவும் கிடையாது. முன்மொழிய வேண்டும் என்ற கட்டாயச் சொல் அதிபருக்கு இருக்கிறது. காங்கிரஸுக்கு அப்படி ஒரு சொல் இல்லை. 2016-இல் உச்ச நீதிமன்றத்துக்கு ஒபாமா முன்மொழிந்த மெரிக் கார்லண்டை செனட் விசாரிக்கவே மறுத்ததை நினைவில் வைத்துப் பார்த்தால், எதிர்க்கட்சி சபாநாயகர் இருக்கும் காலத்தில் துணை அதிபர் முன்மொழிவும் அப்படியே கிடப்பில் போடப்படலாம். நீதிமன்றம் தலையிடுமா என்றால், இது அரசியல் பிரச்சினை என்று ஒதுங்கவே வாய்ப்பு அதிகம் என்பது என் கணிப்பு. கெடு வைக்காமல் விட்டது இந்தத் திருத்தத்தின் பெரிய ஓட்டை என்று நான் உறுதியாக நினைக்கிறேன். 1973-இல் அதை அடைத்தது கார்ல் ஆல்பர்ட்டின் நேர்மை. அடுத்தமுறை அந்த இடத்தில் இருப்பவர் எப்படி நடந்துகொள்வார் என்று சட்டத்தில் எழுதியில்லை.

இன்னும் சில கேள்விகளுக்கு அறிஞர்களிடையே ஒருமித்த பதில் இல்லை. அதிபரும் துணை அதிபரும் ஒரே நேரத்தில் இறந்து, சபாநாயகர் பொறுப்பு அதிபராக வந்தால், அவர் ஒரு துணை அதிபரை முன்மொழிய முடியுமா? இரண்டாம் பிரிவு "அதிபர்" என்றே சொல்கிறது. பொறுப்பு அதிபர் அதில் அடங்குவாரா என்பதில் இரு தரப்பிலும் வாதம் உண்டு. சபாநாயகர் அந்த வரிசையில் இருப்பதே செல்லுமா என்றும் கேட்கிறார்கள். அரசியலமைப்பு சொல்வது ஓர் "அதிகாரி"யை; சட்டமன்ற உறுப்பினர் அந்தச் சொல்லுக்குள் வரமாட்டார் என்று 1792-லேயே மேடிசன் ஆட்சேபித்தார். இரண்டுமுறை அதிபராக இருந்தவரைத் துணை அதிபராக முன்மொழியலாமா என்பதும் அப்படித்தான். 22-ஆவது திருத்தம் மூன்றாம் முறை "தேர்ந்தெடுக்கப்படுவதை"த் தடுக்கிறது. அதிபராகத் தகுதியற்றவர் துணை அதிபராகவும் முடியாது என்று 12-ஆவது திருத்தம் சொல்கிறது. இரண்டையும் சேர்த்துப் படித்து முடியாது என்பவர்களே அதிகம். முடியும் என்பவர்களும் இருக்கிறார்கள்.

காலியிடம் என்று எதைச் சொல்வது என்பதில் மட்டும் கவனமாக இருங்கள். அதிபர் மயக்க மருந்து எடுத்துக்கொள்ளும் சில மணிநேரம் துணை அதிபர் பொறுப்பேற்றால், துணை அதிபர் பதவி காலியாவதில்லை. அவர் அந்தப் பதவியில் இருந்தபடியே பொறுப்பைப் பார்க்கிறார். துணை அதிபரே நினைவிழந்து கிடந்தால் அதுவும் காலியிடம் ஆகாது. அதற்கு 25-ஆவது திருத்தத்தில் எந்த வழியும் இல்லை; அவர் இறக்கும் வரையோ விலகும் வரையோ அதிபரால் வேறொருவரை முன்மொழிய முடியாது. வேட்பாளர் தேர்தலுக்கு முன் இறந்தாலோ விலகினாலோ இந்தத் திருத்தத்துக்கு அங்கே வேலையே இல்லை, அது கட்சியின் முடிவு. 1972-இல் ஈகிள்டன் விலகியதும் ஜனநாயகக் கட்சியின் தேசியக் குழு கூடி சார்ஜண்ட் ஷ்ரைவரைப் போட்டது அப்படித்தான்.